அவள் தேர்ந்தெடுத்த இயர்போன்

என் மனைவிக்கு இடது காது கேட்காது என்பது எனக்குத் தெரிய வந்தது ஓர் இயர்போன் வாங்கிய தகராறில். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்து, ஒரு பெண் குழந்தையும் இருந்தது. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதவன் என்ன மனுஷன் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். அதற்குப் பிறகு மிச்சமிருந்த வலது காதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாட்டு கேட்கும் ஆசையைவிட, பாட்டு ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்ற பிடிவாதம் அதிகம். திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் எழுத்து வேலை பார்த்தேன். நாள் முழுக்க உப்புப் போட்ட ஆட்டுத் தோலின் வாடையில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் குளித்துக் காதில் பாட்டை மாட்டினால்தான் எனக்கு உயிர் வரும். தொண்ணூறுகளில் பஞ்சு வைத்த ஹெட்போனோடு ஒரு பழைய வாக்மேன் வைத்திருந்தேன். டேப் தேய்ந்து இழுத்தாலும், பாடுகிறவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுவது போலிருக்கும். அது செத்துப்போனது. பிறகு செல்போன் வந்தது, மெமரி கார்டு வந்தது, கூடவே காதுக்குள் சொருகுகிற ரப்பர் மூக்கு இயர்போனும் வந்தது.

அந்த இயர்போன்களைப் போல என்னை எரிச்சல்படுத்தியது வேறெதுவும் இல்லை. எதை எடுத்தாலும் பாஸ் என்கிற அந்த அடி அதிர்வுதான். ரசத்துக்குப் பெருங்காயம் வேண்டும்தான், அதற்காகக் கட்டியோடு போட்டுக் கொதிக்க வைப்பார்களா? தபேலா மண்டைக்குள் திம் திம் என்று இடிக்கும், பாடுகிறவர் எங்கோ பின்கட்டிலிருந்து முனகுவார். இன்னும் சிலவற்றில் நேர்மாறு. ஜால்ரா ஊசியாகக் குத்தும், மிருதங்கம் அட்டைப் பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கும். எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே இருந்தது. குழல் குழலாக, வயலின் வயலினாக, யாரும் யாரையும் அமுக்காமல், பாடுகிறவரின் குரல் அவர் தொண்டையிலிருந்து வந்த மாதிரி வர வேண்டும். அதுவும் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில். பணக்காரனுக்கு நல்ல இயர்போன் கிடைப்பதில் என்ன அதிசயம்!

பஸ் ஸ்டாண்டை ஒட்டி செல்போன் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒரு பாய் கடைக்கு நான் வாடிக்கை. என்னுடைய செல்லிலேயே சொருகிக் கேட்டுப் பார்க்க விடுவார். நான் ரப்பர் மூக்கைச் சட்டையில் துடைத்துவிட்டு, எப்போதும் ஒரே பாட்டைத்தான் போடுவேன். அதில் இடது பக்கம் குழலும் வலது பக்கம் வயலினும் நடுவில் குரலும் வரும். நாலைந்து கேட்டுவிட்டு, ஒன்றும் சரியில்லை என்று எழுந்து வந்துவிடுவேன். "அண்ணே, நீங்க கேக்குறது இயர்போனா, கச்சேரியா?" என்பார் பாய். ஆனாலும் மறுநாள் போனால் முகம் சுளிக்காமல் அடுத்ததை எடுத்து வைப்பார்.

என் மனைவி வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஊர் அய்யலூர்ப் பக்கம். பதினாறு வயசில் மில் வண்டியில் ஏறியவள். நூல் சுற்றும் மெஷின்களின் வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அதை 'சைடு பார்ப்பது' என்பார்கள். அந்தச் சத்தத்தில் வாயால் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே பெண்கள் உதட்டை மட்டும் அசைப்பார்கள், கையால் காட்டுவார்கள், அதிலேயே ஊர்க்கதை முழுவதும் பேசிவிடுவார்கள். நான் அந்த மில்லுக்குள் போயிருக்கிறேன். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கொடுப்பார்கள். அன்றைக்கு மெஷின் ஓடாது. வருஷா வருஷம் போய்ப் பார்த்துவிட்டு, "சும்மா சொல்லக் கூடாது, எவ்வளவு அமைதியான இடம்" என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்கு இடப்பக்கமாகத்தான் நடப்பாள். கோயிலானாலும் கடைவீதியானாலும், நான் பக்கம் மாறினால் அவளும் சுற்றி வந்து மாறிக்கொள்வாள். "பொண்டாட்டி எடப்பக்கம் நிக்கணும்னு யாரும் சொல்லாமலே தெரிஞ்சிருக்கு பாரு, நல்ல வளர்ப்பு" என்று என் அம்மா நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். பஸ்ஸில் அவள் ஊருக்குப் போகும்போது இயர்போனை ஆளுக்கு ஒரு பக்கமாக மாட்டிக்கொள்வோம். அவள் என் இடப்பக்கம் இருப்பதால், அவளுடைய வலது காதில்தான் அது போகும். ஆட்டுச் சந்தை நாளில் ஆடும் ஆளுமாக பஸ் நெருக்கியடிக்கும், அந்தக் கூட்டத்திலும் நாங்கள் இருவரும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டு போவோம். ஒன்றும் தெரிய வாய்ப்பில்லாமல் போனது.

தகராறு வந்த சனிக்கிழமை, மனைவி குழந்தையோடு போயிருந்தபோது, பாய் கடையில் ஒன்று ஓரளவு என் மனசுக்குப் பிடித்தது. அது காட்டுவதற்கு வைத்திருந்த பீஸ். அவர் உள்ளே போய்ப் புதுப் பொட்டலம் எடுத்து வந்தார். அதற்குள் குழந்தை வீறிட்டு அழ, நான் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றேன். அவளிடம் செல்லைக் கொடுத்து, கேட்டுப் பார்த்து வாங்கச் சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் சமமா கேக்குதா?" என்று வெளியிலிருந்தே கத்தினேன்.

என் வாயைப் பார்த்துவிட்டு, "கேக்குதுங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். இடது பக்கம் செத்த பிணம். குழல் என்று ஒன்று அந்தப் பாட்டில் இருந்ததற்கான அடையாளமே இல்லை. எனக்கு எங்கிருந்துதான் அம்புட்டுக் கோபம் வந்ததோ! அவள் அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஆரம்பித்தேன். கவனிக்காமல் தலையை ஆட்டியதற்குத் திட்டினேன். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. "உங்கிட்டச் சொல்றதும் ஒண்ணு, செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணு" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஆமா, அந்தக் காது செவிடுதான்" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். சின்னப் பிள்ளையில் இடது காதில் சீழ் வடிந்திருக்கிறது. வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள், ஆறுவதற்கு முன்பே. அதோடு அந்தக் காது போயிற்று. நாங்கள் பெண் பார்க்கப் போனபோது அவளை அறையின் மூலையில், இடப்பக்கம் சுவர் வருகிற மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள். யார் எது கேட்டாலும் வலப்பக்கத்திலிருந்துதானே கேட்க முடியும்! நானும் அன்றைக்கு அவளிடம், பாட்டு கேட்கப் பிடிக்குமா என்று கேட்டேன். பிடிக்கும் என்றாள். அந்தப் பதிலை நம்பித்தான் நான் தலையாட்டினேன்.

ஏமாற்றிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள், என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள் என்றெல்லாம் மனசுக்குள் பொருமினேன். அவள் ஊருக்குப் போய் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றுகூட நினைத்தேன். ஆனால் என் அம்மா காதுக்கு விஷயத்தைக் கொண்டு போகவில்லை. கொண்டு போயிருந்தால் அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். கோபம் எப்போது இறங்கியது என்று கேட்டால், அவள் தூங்கும் விதத்தைக் கவனித்தபோது. குழந்தை பிறந்த நாளிலிருந்து அவள் ஒரே பக்கமாகத்தான் படுத்திருக்கிறாள். இடது காது தலையணையில், வலது காது குழந்தைக்கு. புரண்டு படுத்தால் குழந்தையின் அழுகை கேட்காமல் போய்விடும் என்று தூக்கத்திலும் புரளாமல் கிடந்திருக்கிறாள். அதைக் கண்ட பிறகு யாரோடு சண்டை போடுவது?

அடுத்து எனக்கு வந்தது பயம். இருப்பது ஒரே காது. அதையும் எடுத்துக்கொண்டு தினமும் அந்த மெஷின்களுக்கு நடுவே போகிறாளே!

"மில்லை விட்டுரு" என்றேன்.

அவள் ஒப்பவில்லை. வீட்டு வாடகைக்கு அவள் சம்பளம் தேவைப்பட்டது, அது ஒரு பக்கம். உண்மையான காரணத்தை வேறொரு நாள் சொன்னாள். "அங்க எல்லாரும் என்னைய மாதிரிதாங்க. யாருக்கும் ஒண்ணும் கேக்காது. வெளிய வந்தாத்தான் நான் எப்பப் பாத்தாலும் பயந்துக்கிட்டே இருக்கேன், யாரு எந்தப் பக்கம் கூப்பிடுவாங்களோன்னு. உள்ள போயிட்டா எனக்கு ஒரு கொறையும் இல்ல." உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பதில் அந்த மில்லிலேயே அவளை மிஞ்ச ஆளில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த தெளிவை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

மில்லில் எல்லோரும் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். அங்கே பஞ்சுக்கா பஞ்சம்? ஆனால் அது கண்துடைப்பு என்று எனக்குத் தோன்றியது. ரப்பர் மூக்கு இயர்போனை மாட்டினால் வெளிச் சத்தம் பாதி குறைகிறது, அதை நானே பஸ்ஸில் கண்டிருக்கிறேன். பாட்டே போடாமல் அதை அடைப்பாக வைத்துக்கொண்டால் என்ன? வேண்டுமென்றால் இடைவேளையில் ஒரு பாட்டும் கேட்கலாம். நான் பெரிய கண்டுபிடிப்பாளன் மாதிரி அவளை மறுபடி பாய் கடைக்கு அழைத்துப் போனேன். "உனக்கு எது பிடிக்குதோ அதை எடு. செத்த நேரம் ஆனாலும் பரவாயில்லை" என்றேன்.

பாய் ஏழெட்டை எடுத்துப் போட்டார். அவள் ஒவ்வொன்றாக வலது காதில் வைத்துப் பார்த்தாள். நான் மாதக் கணக்கில் தேடி, கடைசியில் இதுதான் சரி என்று முடிவு செய்திருந்த ஒன்றும் அதில் இருந்தது. அதை வைத்தவுடனே எடுத்துவிட்டாள். "இது என்னமோ போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்குங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என்னத்தை ரசனை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒன்றை வைத்தாள், முகம் மலர்ந்தது. "இதான் நல்லாருக்கு. பாடுறவங்க எதுத்தாப்புல இருக்காங்க. ஒரு சொல்லு விடாம கேக்குது."

வாங்கி என் காதில் வைத்தேன். தகரத்தில் ஆணியால் கீறுவது போலிருந்தது. பாஸ் சுத்தமாக இல்லை, எழுத்துக்கு எழுத்து ஊசியாகக் குத்தியது. அந்தக் கடையிலேயே ஆக மட்டமான சரக்கு அதுதான். நான் முதல் நாளே ஒதுக்கித் தள்ளியது.

நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. அவள் குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த சமயம் என் பக்கம் சாய்ந்து, "அண்ணே, இதை வயசாளுங்கதான் கேட்டு வாங்குவாங்க. ரேடியோல நியூஸ் கேக்குறவங்க. எங்க அத்தாவும் இதேதான் வச்சிருக்காரு" என்று தன் தகப்பனாரையும் சேர்த்துச் சொன்னார்.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயசு. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. எனக்குக் குத்தும் சத்தம் அவளுக்குச் சாதாரணமாகத்தான் வந்து சேர்கிறது. எனக்குச் சாதாரணமாகக் கேட்பது அவளுக்குப் போர்வைக்குள் இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரே பாட்டைக் கேட்டதாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகர இயர்போனையே வாங்கிக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மதுரையில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். முதலில் டக் டக்கென்று தூக்கினாள். பிறகு அவள் கை மடியிலேயே கிடந்தது. சோதனைக் கருவியின் முன்னால் இருந்த பெண் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது. அவளோ விரலைத் தூக்கத் தயாராக, சொன்ன பேச்சைக் கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மெல்லிய சத்தங்கள், கீச்சுக் குரல்கள், இவைதான் முதலில் போகும் என்றார் டாக்டர். குருவிச் சத்தம், குக்கர் விசில், சின்னப் பிள்ளைகளின் குரல். போனது போனதுதான், திரும்பாது. மில்லை விட்டால் மிச்சம் நிற்கும். பஞ்சு அடைப்பதால் ஒரு பலனும் இல்லை. காதுக்கு மிஷின் வைக்கலாம் என்று அதன் விலையைச் சொன்னார். நாங்கள் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில், "இன்னும் கேக்குதுல்ல, விடுங்க" என்றாள் அவள். திங்கட்கிழமை மில் வண்டியில் ஏறினாள். இயர்போனைக் காதில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு போயிருக்கிறாள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, வேலை நேரத்தில் பாட்டு கேட்கிறாயா என்று பிடுங்கிக்கொண்டார். வயரின் மறுமுனை எதிலும் சொருகாமல் இடுப்பில் தொங்கியதை அவளால் காட்டத்தான் முடிந்தது. அந்தச் சத்தத்தில் எதை விளக்குவது? நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். வேண்டாம், காது கேட்காது என்று தெரிந்தால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று தடுத்துவிட்டாள். மறுபடியும் பஞ்சு.

இதற்காக எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. நான் வலப்பக்கம் போய் நின்று கத்துவேன். அவள் என் வாயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். அதற்கு மேல் எனக்கு வழியில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்டாட்டியை எந்தப் புருஷன்தான் ஜெயித்தான்?

அவளை நிறுத்தியது குழந்தைதான். பாப்பாவுக்கு மூன்று வயசு நடந்துகொண்டிருந்தது. வாய் ஓயாது. என்னிடம், பக்கத்து வீட்டில், தெருவில் போகிற நாயிடம் எல்லாம் கத்திக் கத்திப் பேசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பாப்பா அம்மாவின் முன்னால் போய் நின்று, அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தமே வரவில்லை. இவளும் உதட்டை மட்டும் அசைத்துப் பதில் சொன்னாள். பிறகு பாப்பா எழுந்து, "அப்பா, முறுக்கு வேணும்" என்று என்னிடம் வந்து கத்தினாள்.

எவ்வளவு நாளாக இது நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவிடம் இப்படித்தான் பேச வேண்டும் என்று அதுவாகவே கண்டுபிடித்திருக்கிறது. நான் அவளிடம் கேட்டேன், "பாப்பா உங்கிட்டச் சத்தம் போட்டுப் பேசுறதே இல்லையா?" அவள் முதலில் சிரித்தாள். பேசுகிறாளே, நன்றாகத்தானே பேசுகிறாள் என்றாள். பிறகு யோசித்தாள். பாப்பாவைக் கூப்பிட்டு, ஏதாவது சொல்லச் சொல்லி, தன் கையை அவள் தொண்டையில் வைத்துப் பார்த்தாள். பாப்பா வழக்கம் போல உதட்டை அசைத்தாள். இவள் கை அங்கேயே நின்றது.

"எம்புள்ள எங்கிட்ட வாயே தெறக்கலையே, மெஷினுக்குள்ள நிக்கிறவ மாதிரியில்ல பேசுது" என்று சொல்லி அழுதாள். கல்யாணமாகி அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் மில்லிலிருந்து நின்றுவிட்டாள்.

வீட்டில் இருக்கத் தொடங்கியதும், "தலைக்குள்ள மெஷின் ஓடிக்கிட்டே இருக்குங்க, நிக்கவே மாட்டேங்குது" என்றாள். கொஞ்ச காலம் கழித்து எப்படியோ புரட்டி ஒரு காது மிஷினும் வாங்கினோம். தட்டு கீழே விழுந்தால் அவளுக்கு மண்டையில் அடித்தது போலிருந்தது, பேச்சு மட்டும் தெளியவில்லை. வேலை செய்யும்போது கழற்றி வைத்துவிடுவாள். ஆனால் பாப்பாவை விடவில்லை. உதட்டை அசைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "சத்தமாச் சொல்லு. அம்மாவுக்குக் கேக்கணும்" என்பாள். பாப்பா முதலில் அழுதாள், அப்புறம் பழகிக்கொண்டாள். நாளாக நாளாக அம்மாவிடமும் வாய் திறந்து பேச ஆரம்பித்தாள். நல்ல கீச்சுக் குரல், தெருமுனை வரைக்கும் கேட்கும். இனிப் பயமில்லை என்று நானும் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அவள் குழாயடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாப்பா வாசலிலிருந்து ஓடி வந்து அவள் பின்னால் நின்று, "அம்மா" என்றாள். சொல்லிக் கொடுத்தபடியே சத்தமாகத்தான் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, இன்னும் சத்தமாக "அம்மா" என்றாள். எதிர் வீட்டு அக்கா ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தாள். இவள் தேங்காய் நாரை எடுத்துக் குண்டானின் அடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போய், அம்மாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

"பசிக்குதா? இந்தா வாரேன், கையக் கழுவிக்கிறேன்" என்றாள் இவள்.